கப்படோக்கியாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துருக்கிக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்லும் நண்பர்களும் உறவினர்களும் அடுத்த மூச்சில் கப்படோக்கியாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆளை ஏற்றிப் பறக்கும் வெப்பக்காற்றுப் பலூன்களின் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் பாதி, "பூமிக்கடியில் ஒரு நகரமே இருக்கிறதாமே" என்று வியப்பவர்கள் மீதி. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போகும் குடும்பம்தான் என் மனத்தில் இருக்கிறது. முதுகில் ஒரு பையோடு தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை.

கப்படோக்கியா என்பது ஊரா, மாநிலமா? துருக்கி வரைபடத்தில் அந்தப் பெயரையே காணோமே?

அது ஒரு பழங்கால நாட்டின் பெயர். இன்று அந்தப் பெயரில் மாகாணம் எதுவும் இல்லை. துருக்கியின் நடுவில், பெரும்பாலும் நெவ்ஷெஹிர் மாகாணத்திலும், ஓரளவு அக்சராய், கைசேரி, நீதே மாகாணங்களிலும் பரவிக் கிடக்கும் நிலப்பகுதியை அப்படி அழைக்கிறார்கள். நீங்கள் தங்கப்போவது கொரெமே, உர்குப், உச்சிசார், அவானோஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒரு சிற்றூராக இருக்கும். இவை எல்லாமே அருகருகே இருப்பவை. கொரெமே தேசியப் பூங்காவும் சுற்றியுள்ள பாறைக் குடியிருப்புகளும் 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இஸ்தான்புல்லில் இருந்து எப்படிப் போவது? ரயில் உண்டா?

கொரெமேக்கு ரயில் கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு விமானம்தான் சரி. ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவுதான். நெவ்ஷெஹிர், கைசேரி ஆகிய இரண்டு விமான நிலையங்களில் நெவ்ஷெஹிர் அருகில் இருக்கிறது. கைசேரிக்கு விமானங்கள் அதிகம், ஆனால் இறங்கிய பிறகு சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டிலிருந்தும் ஹோட்டல் வாசல் வரை வேன் வரும். தங்குமிடத்தில் முன்பே சொல்லி வைத்தால் போதும்.

இரவு பஸ்ஸில் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பஸ்கள் நன்றாகவே இருக்கும் என்றாலும், தூங்காத பிள்ளையோடு காலையில் இறங்கினால் முதல் நாள் வீண்தான். அங்காராவையோ கோன்யாவையோ பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பஸ் பொருத்தமானது, அங்கிருந்து தொலைவு குறைவு.

விசா?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ வசிப்பிட அனுமதியோ இருந்தால் இணையத்திலேயே மின்விசா வாங்கலாம். இல்லாவிட்டால் விண்ணப்ப மையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். விதிகள் மாறுவதுண்டு என்பதால், டிக்கெட் எடுப்பதற்கு முன் துருக்கி அரசின் மின்விசா தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? இரண்டு நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். ஆனால் மூன்று இரவு தங்குங்கள் என்பேன். பலூன் பறப்பது காற்றின் விருப்பம். ஒரே ஒரு விடியலை நம்பிப் போனால் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். அதோடு, சுற்றுலா நிறுவனங்கள் இந்தப் பகுதியையே இரண்டு ஒருநாள் பயணங்களாகப் பிரித்து விற்கின்றன. 'சிவப்பு' என்பது பாறைத் தேவாலயங்கள் உள்ள கொரெமே திறந்தவெளி அருங்காட்சியகம், உச்சிசார், பஷாபா, அவானோஸ் உள்ள வடபகுதி. 'பச்சை' என்பது நிலத்தடி நகரம், இஹ்லாரா பள்ளத்தாக்கு, செலிமே பாறை மடம் உள்ள தென்பகுதி. இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் வைத்தால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். இடையில் எதுவும் திட்டமிடாத ஒரு நாள் இருக்கட்டும்.

எந்த மாதம் போவது?

ஏப்ரல் பிற்பகுதியில் இருந்து ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள நிலம் என்பதால் கோடையிலும் இரவு குளிரும். விடியற்காலைக்கு ஸ்வெட்டர் கட்டாயம். குளிர்காலத்தில் பனி மூடிய பாறைகள் அழகுதான், ஆனால் வழுக்கும் படிகளும் ரத்தாகும் பலூன்களும் சேர்ந்தே வரும்.

குகை என்கிறார்களே, அவை இயற்கையாக அமைந்தவையா, மனிதர் வெட்டியவையா?

பாறை இயற்கை தந்தது. அறைகள் மனிதர் குடைந்தவை. எர்ஜியெஸ் (3,917 மீட்டர்), ஹசன் முதலிய எரிமலைகள் பல லட்சம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, துஃப் என்ற மென்மையான கல்லாயிற்று. அதன் மேல் சில இடங்களில் கெட்டியான எரிமலைப் பாறை தொப்பியாக அமர்ந்தது. மழையும் காற்றும் மென்கல்லை அரித்துக்கொண்டே போக, தொப்பி இருந்த இடங்களில் மட்டும் அடியில் உள்ள கல் தப்பித்துத் தூணாக நின்றது. 'தேவதைப் புகைபோக்கி' என்று சொல்லப்படும் கூம்புகள் இவைதான். தொப்பி விழுந்துவிட்டால் கூம்பும் கொஞ்ச காலத்தில் கரைந்துவிடும். பஷாபாவில் தொப்பி உள்ளது, சரிந்துகொண்டிருப்பது, இழந்தது மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தக் கல்லைச் சாதாரண இரும்புக் கருவியால் குடையலாம்; வெட்டியபின் காற்றுப் பட்டு மேற்பரப்பு இறுகிவிடும். மரம் குறைந்த மேட்டுநிலத்தில், கோடையில் குளுமையும் குளிர்காலத்தில் கதகதப்பும் தரும் வீடு இப்படி மலிவாகக் கிடைத்தது. எந்த அறைக்குள் போனாலும் சுவரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சாய்வாக, இணையாக ஓடும் கொத்துத் தடங்கள் தெரியும். வெட்டியவர் எந்தப் பக்கம் நின்று ஓங்கினார் என்பதைக்கூட ஊகித்துவிடலாம். கூரை கறுத்திருந்தால் அது அடுப்புப் புகை.

தெரின்குயுவா, கைமாக்லியா? இரண்டு நிலத்தடி நகரங்களையும் பார்க்க வேண்டுமா?

ஒன்று போதும். இரண்டாவதில் இறங்கும்போது, "இதைத்தான் நேற்றே பார்த்தோமே" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதில் தவறும் இல்லை.

தெரின்குயு ஆழமானது, ஏறக்குறைய 85 மீட்டர் வரை போகிறது என்கிறார்கள், பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது அதில் ஒரு பகுதிதான். 1963-இல் ஒருவர் தன் வீட்டைச் செப்பனிடும்போது சுவருக்குப் பின்னால் வழி இருப்பதைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. 1969-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆழத்துக்குப் போகும் படிக்கட்டு நீளமானது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். கைமாக்லி அவ்வளவு ஆழமில்லை, நான்கு தளங்கள் திறந்திருக்கின்றன. ஆனால் சில வழிகள் இன்னும் தாழ்வானவை, குனிந்தே நடக்க வேண்டும். படி ஏறும் தெம்பு உள்ளவர்களுக்குத் தெரின்குயு, நீளப் படிக்கட்டுக்கு அஞ்சுகிறவர்களுக்குக் கைமாக்லி. சமையலறை, தானியக் கிடங்கு, திராட்சை மது பிழியும் இடம் எல்லாம் கைமாக்லியில் நெருக்கமாக இருப்பதால், மனிதர் வாழ்ந்த இடம் என்ற உணர்வு எனக்கு அங்கேதான் அதிகம் வந்தது.

ஆபத்து வந்தால் மக்கள் ஒளிந்த இடங்கள் இவை, எங்கே போனாலும் வட்டக் கல் கதவைத் தவறவிட வேண்டாம். வழியின் ஓரத்தில் வெட்டிய பள்ளத்தில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான கல் சக்கரம் நின்றுகொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அதை உள்ளே இருப்பவர்களால் உருட்டி வழியை அடைக்க முடியும். வெளியில் இருந்து திறக்க முடியாது. பலவற்றில் நடுவே ஒரு துளை உண்டு. வந்திருப்பது யார் என்று பார்க்கவும், தேவைப்பட்டால் ஈட்டியால் குத்தவும் அது உதவும்.

உள்ளே மூச்சு முட்டாதா?

காற்றுக்குக் குறைவில்லை. தெரின்குயுவின் முக்கியக் காற்றுக் குழாய் மட்டும் 55 மீட்டர் நீளம். அதன் அருகே நின்றால் முகத்தில் காற்று படும். உள்ளே ஆண்டு முழுவதும் 13 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும், வெளியே வெயில் கொளுத்தினாலும் மேல்சட்டை வேண்டும்.

மூச்சு முட்டுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் நெரிசல்தான். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்க, தலைக்கு மேல் பாறை இருந்தால் யாருக்கும் படபடக்கும். சுற்றுலாக் குழுக்கள் காலை பத்து மணிக்குப் பிறகு வந்து குவியும். திறந்தவுடனே போய்விடுங்கள், அல்லது பிற்பகல் முடிவில் போங்கள். மின்தூக்கியில் நிற்கவே பயப்படுகிறவர்களை வற்புறுத்த வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் முதல் தளத்தோடு திரும்பிவிடலாம். அதிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

அம்மாவுக்கு மூட்டு வலி. அழைத்துப் போவதில் அர்த்தம் இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. நிலத்தடி நகரத்தையும் உச்சிசார் கோட்டை உச்சியையும் விட்டுவிடுங்கள். பஷாபாவில் தரை ஏறக்குறையச் சமம். உச்சிசாருக்கும் கொரெமேக்கும் இடையில் உள்ள புறாப் பள்ளத்தாக்கைச் சாலையோரத்தில் இருந்தே பார்க்கலாம். பாறையில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகள் எல்லாம் புறாக் கூடுகள். திராட்சைத் தோட்டங்களுக்குப் புறா எச்சமே உரம் என்பதால் மெனக்கெட்டுக் குடைந்து வைத்தார்கள்.

இஹ்லாராவின் முக்கிய வாசலில் நானூறு படிகளுக்கு நெருக்கமாக இறங்கி ஏற வேண்டும். பயண நிறுவனங்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். பெலிசிர்மா கிராமத்துக்குக் காரிலேயே போய்விட்டால், மெலெந்திஸ் ஆற்றின் கரைக்குப் படியில்லாமல் போய்ச் சேரலாம். அம்மா அங்கே ஆற்றோரம் உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும், நீங்கள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம்.

கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி கொண்டு போகலாமா?

ஹோட்டலிலேயே கிடக்கும். உடலோடு கட்டிக்கொள்ளும் பை கொண்டு போங்கள். ஆனால் தாழ்வான வழிகளில் முதுகில் கட்டினால் குழந்தையின் தலை இடிக்கும், முன்பக்கம் கட்டுங்கள்.

பலூனில் பிள்ளைகளை ஏற்றுவார்களா? கட்டாயம் ஏறித்தான் ஆக வேண்டுமா?

பொதுவாக ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்ற மாட்டார்கள், கர்ப்பிணிகளையும் மாட்டார்கள். இறங்கும்போது முழங்காலை மடக்கி, கூடையின் உள்பிடியைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சியைத் தாங்க வேண்டும் என்பதால் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஏற்றதல்ல. பறக்கலாமா கூடாதா என்பதை அன்று விடியலில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள், நிறுவனம் அல்ல. அதனால் முதல் விடியலுக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானால் அடுத்தடுத்த விடியல்கள் கையில் இருக்கும். ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டாயமெல்லாம் இல்லை. பலூனில் இருப்பவர்களுக்குத் தெரியாத காட்சி கீழே இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. வானம் நிறையப் பலூன்கள் மிதப்பதைக் கொரெமேயின் குன்றில் இருந்தோ ஹோட்டல் மொட்டைமாடியில் இருந்தோ பார்க்கலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆகும் பலூன் செலவில் இன்னும் சில நாள்கள் தங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

கொரெமே அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கியபிறகும் இருட்டுத் தேவாலயத்துக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

கொடுங்கள். அங்குள்ள பாறைத் தேவாலயங்களின் ஓவியங்கள் பெரும்பாலும் 10 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரையானவை. மற்றவை வெளிச்சத்தில் வெளிறிப்போக, இதற்குச் சின்னஞ்சிறு சாளரம் ஒன்றே இருந்ததால் நிறம் நிலைத்தது. பிற்காலத்தில் புறாக்கூடாகப் பயன்பட்டு, எச்சம் படிந்து கிடந்த சுவர்களைப் பொறுமையாகச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். நீல நிறத்தைப் பார்த்தபிறகு பணம் கொடுத்ததை மறந்துவிடுவீர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே வந்ததும், துறவிகளின் உணவறையை எட்டிப் பாருங்கள்: நீண்ட மேசையும் இருபுற இருக்கைகளும் தனியாகச் செய்து போட்டவை அல்ல, பாறையிலேயே விட்டு வெட்டியவை.

வாசலுக்கு வெளியே, சாலையோரம் உள்ள தொகாலி தேவாலயத்துக்கும் அதே பொது டிக்கெட்தான். களைப்பில் பலர் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஓவியங்களில் முகங்கள் ஏன் சிதைந்திருக்கின்றன?

ஒரே காரணம் கிடையாது. உருவங்களைச் சமயத்துக்கு விரோதமாகக் கருதியவர்கள் கண்களைச் சுரண்டினார்கள், ஆடு மேய்க்க ஒதுங்கியவர்கள் கல்லெறிந்தார்கள், பெயர் பொறிக்கும் ஆசை எல்லா நூற்றாண்டிலும் இருந்தது. சில தேவாலயங்களில் உருவமே இல்லாமல் செங்காவி நிறக் கோடுகளும் சிலுவைகளும் மட்டும் இருக்கும். பைசாந்தியப் பேரரசில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், உருவ வழிபாட்டுக்குத் தடை இருந்த காலத்தோடு (726 முதல் 843 வரை, நடுவில் ஓர் இடைவெளியோடு) அந்தப் பாணியைத் தொடர்புபடுத்துவது வழக்கம்.

குகை ஹோட்டலில் தங்கலாமா?

ஓரிரவாவது தங்கலாம். பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள்: அறை உண்மையில் பாறையில் குடைந்ததா, கல் வைத்துக் கட்டியதா, சாளரம் உண்டா, வரவேற்பறையில் இருந்து அறைக்கு எத்தனை படி. பாறை அறைகளில் ஈரவாடை இருக்கும், கூரையில் இருந்து மணல்போல் தூசி உதிரும். இரவில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. சிறு பிள்ளைகள் பயப்படுவார்கள். சிறிய இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

இல்லை. பருப்பு சூப், பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்துச் சுடும் கொஸ்லெமே, தக்காளி, கத்தரிக்காய்ப் பண்டங்கள், தயிர், ரொட்டி எல்லாம் எங்கும் கிடைக்கும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு மெனெமென் உண்டு. இறைச்சி இல்லாமல் என்பதற்கு 'எத்சிஸ்' என்று சொல்லுங்கள். சூப்பையும் வெள்ளை பீன்ஸ் குழம்பையும் இறைச்சிச் சாற்றில் செய்வதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். பானையை மேசையிலேயே உடைத்துப் பரிமாறும் தெஸ்தி கெபாபைச் சில உணவகங்களில் காய்கறியிலும் செய்து தருவார்கள்; பிள்ளைகளுக்கு உடைப்பதுதான் முக்கியம்.

லிராவா, யூரோவா?

பலூன், ஹோட்டல், வெளிநாட்டவருக்கான அருங்காட்சியகக் கட்டணம் ஆகியவற்றைப் பெரும்பாலும் யூரோவில் குறிப்பிடுகிறார்கள். கடை, உணவகம், நெவ்ஷெஹிரில் இருந்து தெரின்குயு போகும் சிற்றுந்து எல்லாவற்றுக்கும் லிரா. விலைகள் வேகமாக ஏறுவதால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள தொகைகளை நம்ப வேண்டாம். பிள்ளைகளின் வயதைக் காட்டக் கடவுச்சீட்டுகளை வாசலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஒரே நிலத்தடி நகரத்தில் 20,000 பேர் வாழ்ந்தார்கள் என்பது உண்மையா? வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதாகவும் ஒரு காணொளி பார்த்தேன்.

இருபதாயிரம் என்பது தெரின்குயுவின் பரப்பை வைத்துச் சொல்லும் மதிப்பீடு. யாரும் தலை எண்ணிப் பார்க்கவில்லை. அதுவும் வாழ்ந்தவர்கள் அல்லர், ஆபத்து வந்தபோது சில நாள்கள் ஒளிந்தவர்கள். சாதாரண நாளில் மேலே வீடு, வயல், கீழே கிடங்கு. ஆடு மாடுகளை இறக்குவது கடினம் என்பதால் தொழுவங்கள் மேல்தளத்திலேயே இருக்கின்றன.

எப்போது தோண்டினார்கள் என்பதைச் சொல்வதுதான் கடினம். கட்டடம் என்றால் அடுக்கடுக்காகச் சேரும். இங்கே ஒவ்வொரு தலைமுறையும் முந்தையவர் வெட்டிய சுவரையே மறுபடி வெட்டி அகலமாக்கியதால் பழைய தடயம் அழிந்துவிட்டது. கிறிஸ்துவுக்கு முன் 8, 7-ஆம் நூற்றாண்டுகளில் ஃபிரிஜியர்கள் என்ற பழங்கால மக்கள் தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அரபுப் படையெடுப்புகள் நடந்த பைசாந்தியக் காலத்தில் பெரிதாக விரிந்தது. 1909-இல் அதனாவில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி வந்தபோதுகூட, அக்சோ என்ற ஊர் மக்கள் சில இரவுகள் நிலத்தடியில் ஒளிந்திருந்ததைப் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஆர். எம். டாக்கின்ஸ் பதிவு செய்திருக்கிறார். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி: மேலே சொன்ன கொத்துத் தடங்களையும் புகைபிடித்த கூரைகளையும் பாருங்கள். விண்கலத்தில் வந்தவர்களுக்கு விறகடுப்பு எதற்கு?

அப்படியானால் அந்த மக்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?

இங்கிருந்த கிறிஸ்தவர்கள், 1923-இல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தப்படி கிரீஸுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரித்தது மொழி அல்ல, மதம். துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்த கிறிஸ்தவர்களும் கிளம்ப வேண்டியிருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் குகை வீடுகளில் தொடர்ந்து வாழ்ந்தார்கள். ஸெல்வே என்ற குகை ஊரில் பாறை சரியும் ஆபத்து கூடியதால் 1952-இல் ஊரையே காலி செய்து அருகில் குடியமர்த்தினார்கள். இன்று அந்த ஊர் திறந்தவெளி அருங்காட்சியகம். பாறையில் குடைந்த மசூதியையும் மாவு அரைத்த இடத்தையும் பார்க்கலாம்.

அங்குள்ள பாறைத் தூசியால் புற்றுநோய் வரும் என்று படித்தேன். பிள்ளைகளை அழைத்துப் போகப் பயமாக இருக்கிறது.

செய்தி பொய்யல்ல, ஆனால் பயணிகளுக்கு உரியதும் அல்ல. கராயின், துஸ்கொய், சாரிஹிதிர் ஆகிய கிராமங்களில் நுரையீரல் உறையில் வரும் அரிய புற்றுநோய் மிக அதிகமாக இருப்பதை 1970-களில் துருக்கி மருத்துவர் இஸ்ஸெத்தின் பாரிஷ் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அங்கே வீடு கட்டிய கல்லில் இருந்த எரியோனைட் என்ற நார்க் கனிமமே காரணம். பிறந்தது முதல் பல பத்தாண்டுகள் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களைத்தான் நோய் தாக்கியது. இப்பகுதியின் எல்லாப் பாறையும் அப்படிப்பட்டதல்ல. வழக்கமான சுற்றுலா வழியில் அந்தக் கிராமங்கள் வருவதும் இல்லை. சில நாள் பயணத்தைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, மகனுக்கு நான்கு வயது. என்ன செய்வது?

பலூனை மறந்துவிடுங்கள், காரணம் மேலே இருக்கிறது. நான்கு வயதுப் பையனும் முழங்கால் வலியும் உள்ள இடத்தில் இஹ்லாராவும் வேண்டாம். கொரெமேயில் இருந்து காரில் போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஓட்டுநரோடு ஒரு காரை நாள் வாடகைக்கு எடுங்கள். விடியலில் மாடியில் நின்று பலூன்களைப் பாருங்கள். எட்டரை மணிக்குள் கொரெமே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால் கூட்டமும் வெயிலும் வருவதற்குள் வெளியே வந்துவிடலாம். அங்கே ஏற்றமும் படிகளும் உண்டு, அப்பா ஒன்றிரண்டு தேவாலயங்களோடு நிழலில் அமர்ந்துவிடட்டும். பிறகு பஷாபா, அடுத்து ஒட்டக வடிவப் பாறை உள்ள தெவ்ரெந்த்.

மதியச் சாப்பாட்டை அவானோஸில் வைத்துக்கொள்ளுங்கள். கிசிலிர்மக் ஆற்றின் செம்மண்ணில் பானை செய்யும் பட்டறைகளில் பிள்ளைகளையும் சக்கரத்தில் உட்கார வைப்பார்கள். மாற்றுச் சட்டை ஒன்று காரில் இருக்கட்டும்.